மூன்றாம் வரிசை, நான்காம் கட்டம்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடம் ஒரு பெட்டிக்குள் வேலை பார்த்தார். ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர். இழுத்து மூடும் இரும்புக் கதவு, தலைக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு, மூலையில் ஒரு முக்காலி, சுவரில் எட்டுப் பொத்தான்கள். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தேன். குழாயில் தண்ணீர் வராத அத்தனை பேரும், ஏதோ நான்தான் உறிஞ்சிக் குடித்துவிட்டதைப் போல என்னிடம் வந்து கத்துவார்கள். பகல் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவள் என்பதால் வீட்டில் கத்துகிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அந்த லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அடிக்கடி நின்றுபோகும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவார்கள், கடவுளைக் கூப்பிடுவார்கள். இவர் முக்காலியில் உட்கார்ந்து, பர்ஸிலிருந்து ஒரு கண்ணாடித்தாள் உறையை எடுத்து, அதற்குள் இருக்கும் தபால்தலையை லென்ஸில் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஒரு முறை ஒரு மேனேஜர் ஒன்றரை மணி நேரம் இவரோடு மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். லிஃப்ட் நின்றதற்காக இல்லை, ஆபரேட்டர் மூச்சு விடாமல் சமஸ்தானங்களைப் பற்றியே பேசினார் என்பதற்காக.

சமஸ்தானங்கள் என்றால், இந்தியாவில் ராஜாக்கள் ஆண்ட காலத்துச் சமஸ்தானங்கள். அவற்றில் சில, தங்கள் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகிற தபால்தலைகளைத் தாங்களே அச்சடித்துக்கொண்டன. தபால்தலை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருகிற பளபளப்பு, ஓரத்துப் பல், பின்பக்கத்துப் பசை, இவை எதுவும் அவற்றில் கிடையாது. உள்ளூரில் முத்திரை வெட்டுகிற ஓர் ஆசாரியைப் பிடித்து, கட்டையில் செதுக்கச் சொல்லி, கையால் செய்த தாளில் கையாலேயே அழுத்தி எடுத்தது. பிரிப்பதற்குக் கத்தரிக்கோல்தான். உலகத்தில் இவற்றைச் சேர்க்கிறவர்களே இவற்றை 'அவலட்சணங்கள்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்களாம். நான் செல்லம் இல்லாமல் கூப்பிட்டேன்.

முதல்முதலில் வாங்கிய ஒன்றை, மற்ற தபால்தலைகளை உறையிலிருந்து பிரிக்கிற மாதிரி, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். அந்தக் காலத்து மை தண்ணீரில் கரைகிற சாயம் என்று அவருக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் கிண்ணத்துத் தண்ணீர் சிவந்துவிட்டது, தாள் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. போனால் போகிறது என்று விட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் அதோடு நிற்காமல் அதே சமஸ்தானத்தின் இன்னொன்றைத் தேடிப் பிடித்தார். அப்புறம் இன்னொன்று. மகள் கல்யாணமாகிப் போன மறுவாரமே அவளுடைய அலமாரியில் ஆல்பங்கள் குடியேறிவிட்டன.

அந்தத் தபால்தலையில் ஒரு சூரியன் இருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்த சூரியன். சேகரிப்பவர்கள் அதற்குக் கோணல் சூரியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தாளில் இருபது சூரியன்கள், வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை. ஆசாரி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செதுக்கியதால் இருபதுக்கும் இருபது முகம். ஒன்றுக்கு மூக்கு வளைந்திருக்கும், ஒன்றுக்குக் கதிர் ஒன்று குறையும், பதினைந்தாவதுக்குக் கீழுதடு வெடித்திருக்கும். முழுத்தாள் உலகத்தில் எங்கேயும் மிஞ்சவில்லை. உதிரி உதிரியாகக் கிடைப்பதையும், இரண்டு மூன்று சேர்ந்தாற்போலக் கிடைப்பதையும் வைத்து, யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பதினோரு வருடம் இந்த வேலையைச் செய்தார். பத்தொன்பது முகம் சேர்ந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் நான்காம் கட்டம், அதாவது பதினான்காவது, அது மட்டும் இல்லை. அவர் மட்டுமல்ல, யாருமே அதைப் பார்த்ததில்லை.

அவர் போய்வந்துகொண்டிருந்த தபால்தலைக் கிளப், ஒரு பல்டாக்டரின் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். நோயாளிகள் காத்திருக்கிற அறைதான் கிளப். டாக்டர்தான் தலைவர். கிளப்பின் இதழில் போட, இருபது முகங்களையும் பெரிதாக வரைந்து ஒரு சார்ட் தரச் சொல்லி டாக்டர் கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் அச்சுக்குப் போக வேண்டும். ஞாயிறு மதியம் வரை இவர் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்? சாப்பாடு ஆறுது" என்றேன்.

"பதினாலு மட்டும் இல்லம்மா."

"இல்லாட்டி காலியா விடுங்க."

"காலியா விட்டா பல்லு போன வாய் மாதிரி இருக்கும். அதுலயும் பாக்கப்போறது பல்டாக்டர்."

"அப்ப எதையாவது ஒண்ணைப் போட்டுட்டு வாங்க. யாரு வந்து கேக்கப்போறா?"

இதைச் சொன்னவள் நான்தான். எனக்குப் பசி.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த வாரம் எனக்கு இடது கண்ணில் கண்கட்டி. இமை வீங்கி, கண் முழுக்க மூடிக்கிடந்தது. அலுவலகத்தில் கத்த வந்தவர்களே என்னைப் பார்த்துப் பாவப்பட்டுத் திரும்பிப் போன வாரம் அது. அவர் என் முகத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு குனிந்து வரைந்தார். போய்ப் பார்த்தால் பதினான்காவது சூரியனுக்கு இடது கண் மூடியிருக்கிறது.

"ஏங்க, இது நானா?"

"அம்சமா இருக்கே."

அவர் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதனால் படங்களுக்கு அடியில் குறிப்பு எழுதுவது என் வேலை. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். பதினான்குக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பழைய ஆல்பத்தில் பார்த்த பிரதியின்படி" என்றார். எந்த ஆல்பம் என்று கேட்டேன். "எழுதும்மா" என்றார். எழுதினேன். சாப்பிடப் போனோம்.

அந்த சார்ட் கிளப் இதழோடு நிற்கவில்லை. அதைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் போட்டார்கள், வேறு மொழிக்காரர்கள் போட்டார்கள், கடைசியில் உலகத்துத் தபால்தலைகளையெல்லாம் பட்டியல் போடுகிற கேட்லாக்கிலேயே வந்துவிட்டது. பதினான்குக்குக் கண்மூடிச் சூரியன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. சிலர் உறையில் இவரை 'புரொஃபஸர்' என்று எழுதியிருந்தார்கள், அதைப் பார்த்துத் தபால்காரர் என்னிடம், "சார் எப்பம்மா படிச்சார்?" என்று கேட்டார். தபால்தலையைக் கடிதத்தில் வைத்து அனுப்பி, அசலா போலியா என்று கேட்பார்கள். இவர் பார்த்து, பின்பக்கத்தில் பென்சிலால் அது எத்தனையாவது முகம் என்ற எண்ணைப் போட்டுச் சின்னதாக ஒரு கையெழுத்தும் போடுவார். அந்தப் பென்சில் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு யாரும் பேச மாட்டார்கள். லிஃப்ட்டில் ஏறி இவரிடம், "ஏய், ஆறு" என்று மாடி எண்ணை மட்டும் சொன்ன ஆட்களுக்கெல்லாம் இது தெரியாது.

ஆனால் யாராவது பதினான்கைப் பற்றிக் கேட்டால் அவர் முகம் செத்துப்போகும். அந்த ஆல்பம் யாருடையது என்று கேட்பார்கள். அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை என்று எழுதச் சொல்வார். ஆல்பம் எங்கே என்பார்கள். விற்றுவிட்டார்கள் என்று எழுதச் சொல்வார். பத்து வருடம் கழித்து ஒரு நாள், "திருத்திடலாமாம்மா?" என்று கேட்டார். "எல்லாரும் மறந்து போனதைக் கிளறி எதுக்குங்க?" என்றேன் நான். யாரும் மறந்திருக்கவில்லை. எனக்கு அவருடைய பெயர் மேல் ஆசை வந்துவிட்டிருந்தது, உள்ளதைச் சொல்வதானால்.

சார்ட் போட்டுப் பதினெட்டு வருடம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, டெய்லர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

டெய்லர் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும், வாய் ஓரத்தில் ஓர் ஊசி இருக்கும், அதோடுதான் பேசுவார். இவருடைய காக்கி யூனிஃபார்ம், என் ரவிக்கைகள், மகளின் கல்யாணத் துணி, எல்லாம் அவர் தைத்ததுதான். அவரும் கோணல் சூரியனில் பத்தொன்பது வைத்திருந்தார். அதுபோக மற்றச் சமஸ்தானங்களுக்கு எட்டு ஆல்பங்கள். ஒவ்வொன்றுக்கும் மிச்சத் துணியில் அவரே உறை தைத்துப் போட்டிருந்தார். அவருக்குக் குடும்பம் கிடையாது, அந்த எட்டுத்தான் குடும்பம்.

அவரோடு இன்னொருவரும் வந்திருந்தார். ஊர் ஊராகச் சூட்கேஸோடு சுற்றித் தபால்தலை விற்கிறவர். கிளப்பில் அவரைச் சூட்கேஸ்காரர் என்பார்கள். சூட்கேஸைத் திறந்து ஒரு கறுப்பு அட்டையை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"பாருங்கண்ணே" என்றார் டெய்லர். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "பதினாலு."

நான் டீயோடு வந்துகொண்டிருந்தேன். லென்ஸ் இல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கண். வீங்கின இமை, அதற்கு அடியில் ஒரு மடிப்பு, எல்லாம் அப்படியே. நூறு வருடத்துக்கு முந்தைய ராஜாவின் தபால்தலையில் என் கண்கட்டி.

விஷயம் இதுதான். டெய்லர் எட்டு ஆல்பங்களையும் கொடுப்பது, சூட்கேஸ்காரர் அந்தப் பதினான்கைக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் வைத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பார்த்துப் பின்பக்கத்தில் பென்சில் கையெழுத்துப் போட வேண்டும்.

"எனக்கு இருபதும் முடிஞ்சிரும்ண்ணே" என்றார் டெய்லர். "அதுக்கப்புறம் வேற எதுவும் வேண்டாம்."

இவர் லென்ஸை எடுத்தார், பார்த்தார், வைத்தார். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் அவர் லிஃப்ட்டில் மூன்றாம் மாடிக்காரர்களை ஆறிலும், ஆறாம் மாடிக்காரர்களை இரண்டிலும் இறக்கிவிட்டாராம். வியாழக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"தாள் பழசும்மா. ஏதோ பழைய நோட்டுலேருந்து கிழிச்ச காலித்தாள். மையும் கரையற மைதான். என் படத்தைப் பாத்து எவனோ கட்டை செதுக்கியிருக்கான். நல்லாவே செதுக்கியிருக்கான்."

"போலின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்களேன்."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்களே. எல்லாம் என் சார்ட்டோட ஒத்துப்போகுது. அது போலின்னா என் சார்ட்டும் போலி. சார்ட்டை வச்சுத்தான் பதினெட்டு வருஷமா எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப கையெழுத்துப் போடப்போறீங்களா?"

"போட்டா டெய்லரோட எட்டு ஆல்பமும் போகும்."

எனக்குப் பயமாக இருந்தது. புகார்ப் பிரிவில் நான் பார்க்காத சிக்கல் இல்லை. எந்தக் குழாய்க்கும் எங்காவது ஒரு வால்வு இருக்கும், அதைத் திறந்தால் தண்ணீர் போகும் அல்லது வரும். இதில் அப்படி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் சவரத்தை முடிக்காமலே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே போனேன். கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் சுவரை ஒட்டி நாற்காலிகள், நடுவில் ஒரு கண்ணாடி மேசை, சுவரில் சிரிக்கிற கடைவாய்ப் பல்லின் படம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டெய்லர் துவைத்த சட்டை போட்டு, எட்டு ஆல்பங்களையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்பு அட்டை மேசையில் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை.

"இது போலி" என்றார்.

டாக்டர்தான் முதலில் கேட்டார். "எதை வச்சுச் சொல்றீங்க?"

"பதினாலை நான் பாத்ததே இல்ல டாக்டர். அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. நானா கற்பனை பண்ணிப் போட்டேன். இது என் படத்தைப் பாத்துச் செஞ்சது."

"பழைய ஆல்பத்துல பாத்ததா எழுதியிருக்கீங்களே?"

"அது பொய்."

சூட்கேஸ்காரர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "சார், அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. இதுல எதைப் பொய்னு வச்சுக்கறது?" என்றார்.

என் வீட்டுக்காரர் பதில் தேடி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். கண்கட்டி வந்த கதையை, சாப்பாடு ஆறின கதையை, நான்தான் எதையாவது போடச் சொன்னேன் என்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். "அது என் கண்ணுங்க" என்றேன். நூறு பேர் கத்தினாலும் அசராதவள், அங்கே என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் அன்பாகத்தான் சிரித்தார். "அம்மா, கண்கட்டி எல்லாருக்கும் வரும். அந்த ஆசாரி சம்சாரத்துக்கும் வந்திருக்கும்."

அறை முழுக்கச் சிரித்தது. பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். வயசாகிவிட்டது, ரிட்டையர் ஆகப்போகிற கவலை, அடக்கம் அதிகமானாலும் இப்படித்தான் என்றார்கள். கற்பனையில் போட்டதே கடைசியில் நிஜமாக இருந்ததென்றால் அதுதான் பெரிய ஞானம் என்று ஒருவர் சொன்னார். இவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். லிஃப்ட் நடுவில் நின்றபோதெல்லாம் பதறாத மனிதர், நெற்றியெல்லாம் வியர்த்து நின்றார்.

டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே" என்றார். "முப்பது வருஷம் நீங்க சொன்னதை நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்ல. நீங்க தேடிக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சதும் போலியாயிடுதா?"

"டெய்லர், அப்படி இல்ல."

"கையெழுத்து வேண்டாம்ண்ணே. உங்க சார்ட் இருக்கு, அது போதும்."

ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சூட்கேஸ்காரரிடம் கொடுத்தார். கடைசி ஆல்பத்தின் துணி உறையில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அதைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பொய்யை எழுதினப்ப ஒரு ஆளு சந்தேகப்படலம்மா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது, பஸ்ஸில் அழுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த மாதம் கிளப் இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினார், நான்தான் எழுதிக்கொடுத்தேன். டாக்டர் போடவில்லை. ஃபோனில் கூப்பிட்டு, "உங்க பேரைக் காப்பாத்தத்தான் போடலை" என்றார். வேறு நாட்டுக் கிளப்புகளுக்கும் எழுதினோம். ஒரு கிளப்பிலிருந்து மட்டும் பதில் வந்தது. இவருக்குக் கௌரவ உறுப்பினர் பட்டம் கொடுத்திருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் கிளப்புக்குப் போவதை நிறுத்தினார். அவருடைய ஆல்பத்தில் மூன்றாம் வரிசை நான்காம் கட்டம் முன்பு போலவே காலியாக இருந்தது, அங்கே அவர் எப்போதுமே எதையும் ஒட்டியதில்லை. ஊருக்குத்தான் நிரப்பிக் காட்டினார்.

மறுவருடம் ரிட்டையர் ஆனார். லிஃப்ட்டை விட்டு இறங்கியும் அவர் வெளியே வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. டெய்லர் பேச்சை விட்டுவிட்டார். இவருடைய பேன்ட்டுகளை வேறொருவர் தைத்தார், ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் வந்தது, அதையே போட்டுக்கொண்டு திரிந்தார். டெய்லருக்குக் கண் மங்கி, கை நடுங்கி, கடையை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். பார்க்கப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "என்னன்னு போறது?" என்பார்.

கிளப்பில் அது நடந்து நான்கு வருடம் ஆனபோது அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் எங்கோ தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவர் வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்ததாம், அதில் இரண்டு தபால்தலைகள் வெட்டாமல் சேர்ந்தாற்போல ஒட்டியிருந்தனவாம். போட்டோ வைத்திருந்தார். உங்கள் சார்ட்டின்படி வலது பக்கத்தில் இருப்பது பதினைந்து, அதன் உதடு வெடித்திருக்கிறது, ஆனால் இடது பக்கத்தில் இருப்பது உங்கள் சார்ட்டில் எதோடும் ஒத்துப்போகவில்லை, இது அசலா போலியா, போலியென்றால் வைத்திருப்பதில் அர்த்தமில்லை, எறிந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

பதினைந்துக்கு இடது பக்கம் பதினான்குதான் இருக்க முடியும். ஒரே தாள், நடுவில் வெட்டே இல்லை, தபால் முத்திரை இரண்டின் மேலும் சேர்ந்து விழுந்திருந்தது. இவர் காலை முழுக்க லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையில் லென்ஸைக் கொடுத்தார்.

"பாரும்மா. ரெண்டு கண்ணும் திறந்திருக்கு."

ஆமாம். கொஞ்சம் மாறுகண். மூக்கு சப்பை. நாங்கள் நினைத்ததைப் போல ஒன்றுமே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, கூடவே சிரித்தார், எத்தனையோ வருடத்துக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப நம்புவாங்க" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு, "டெய்லர்கிட்ட முதல்ல காட்டணும்" என்றார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

டெய்லர் முன்னறையில் இருந்தார். தையல் மிஷினைத் துணியால் மூடி அதன் மேல் ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் வைத்திருந்தார். அதற்குள் அந்த ஒற்றைத் தபால்தலை. அறையில் அதைத் தவிர ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும், மற்றப் பத்தொன்பது சூரியன்களை வைத்திருந்த ஓர் ஆல்பமும்தான். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாங்கண்ணே. வாங்கண்ணி." நான்கு வருடம் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசினார். நடுங்குகிற கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தார். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. காலைல எந்திரிச்சதும் இது மூஞ்சிலதான் முழிக்கறேன். கண்ணு சரியாத் தெரியல, ஆனா இது தெரியுது. இருபதும் இருக்குங்கற நெனப்பே போதும்ண்ணே."

என் வீட்டுக்காரர் போட்டோவை எடுத்து நீட்டினார். டெய்லர் ஜன்னலோரம் போய், லென்ஸை வைத்து, முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். முதலில் வலது பக்கம். பிறகு நடுவில். பிறகு இடது பக்கம். திரும்பவும் நடுவில், வெட்டில்லாத இடத்தில், நீண்ட நேரம். சேர்ந்திருக்கிற தபால்தலை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. தோள் மெல்ல இறங்கியது.

திரும்பாமலே சொன்னார். "இப்பல்லாம் ரொம்ப நல்லா ஒட்டறானுங்கண்ணே. ஒட்டு போட்டதே தெரியல."

பிறகு திரும்பிப் போட்டோவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"போலிதானேண்ணே?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மிஷின் மேல் இருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் என் மூடின கண்ணை. எட்டு ஆல்பங்களும் எந்த ஊரில் யாரிடம் இருக்கின்றனவோ. டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஆமா டெய்லர். போலிதான்" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் நான் கத்தினேன். தெரு என்றும் பார்க்கவில்லை. "இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க? கையில ஆதாரம் வந்தப்புறம் எதுக்கு முழுங்கினீங்க?" அவர் நடந்துகொண்டே இருந்தார். குட்டைக் கால் பேன்ட்டுக்குக் கீழே கணுக்கால் தெரிந்தது. மூலைக்கு வந்ததும் நின்றார். "அவர்கிட்ட வேற எதுவும் இல்லம்மா" என்றார். எனக்கு அதற்கு மேல் கத்த முடியவில்லை.

டீச்சருக்குப் பதில் போட வேண்டும். அசல் என்று எழுதினால் அவர் சும்மா இருக்க மாட்டார், கேட்லாக்குக்கு எழுதுவார், கிளப் இதழில் வரும், யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு டெய்லர் வீட்டு வாசலில் போய் நிற்பார். என் வீட்டுக்காரர் சொன்னார், நான் எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, போட்டோவைக் கவனமாகப் பார்த்தேன், இடது பக்கத்தில் இருப்பது போலி. இதே மேசையில் இதே கையால் முன்பு அந்தக் குறிப்பை எழுதியபோது எனக்கு ஒரு கண் வீங்கியிருந்தது, விளையாட்டு மாதிரி இருந்தது. இந்த முறை இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது.

அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அடியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: "ஆனாலும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்."

அவர் அதைப் படித்தார். அந்த வரியை அடித்துவிடவில்லை. கோழி கிண்டின கையெழுத்தை அதற்குக் கீழே போட்டு, உறையை ஒட்டினார்.